புதிய அச்சுக்கலையும் அதன் மறுப்பும்

நவீன வரைகலையின் வரலாற்றை ஆராய்வோர் ‘சுவிஸ் பாணி’ என்னும் தொடரை அடிக்கடி எதிர்கொள்வர். இடப்புறம் மட்டுமே சீராக நிற்கும் வரிகள், முனைகளிற் சிறுகோடுகளற்ற எழுத்துக்கள், தாளைக் கட்டங்களாகப் பகுத்து அமைக்கும் முறை, தாராளமாக விடப்படும் வெற்றிடம் என்பன அதன் இயல்புகளாம். 1950களில் சூரிச், பாசெல் நகரங்களில் முதிர்ச்சியுற்ற இப்பாணி, அதற்கு முன்னரே தன் மூலவர் ஒருவராலேயே மறுக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

லைப்சிக் நகரிலே பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருவரின் மகனாக 1902இற் பிறந்தவர் யான் சிஹோல்ட். 1928இல் பேர்லினில் வெளிவந்த ‘புதிய அச்சுக்கலை’ என்னும் தமது நூலில், நடுவச்சைச் சார்ந்த சமச்சீர் அமைப்பைக் காலங்கடந்ததென ஒதுக்கினார். சிறுகோடற்ற எழுத்தே இயந்திர யுகத்துக்கு உரியதென விதித்தார். 1933இல் நாற்சிகள் அவரைப் ‘பண்பாட்டுப் போல்ஷெவிக்’ எனப் பழித்துச் சில வாரங்கள் சிறையில் வைத்தனர். விடுதலையானபின் அவர் குடும்பத்துடன் பாசெலுக்குப் பெயர்ந்தார். அங்கு நூல்களை வடிவமைக்கும் பணியில் ஈடுபட்டபோது அவரது கருத்து மெல்ல மாறிற்று. விளம்பரத்துக்குப் பொருந்துவது நெடுநேரம் வாசிக்கப்படும் நூலுக்குப் பொருந்தாது என்பதை அவர் கண்டார்.

பௌஹவுஸிற் பயின்ற சுவிஸ் கலைஞர் மக்ஸ் பில், 1946இல் அச்சுத்தொழிற் சஞ்சிகையொன்றில் இம்மாற்றத்தைப் பிற்போக்கெனக் கண்டித்தார். சிஹோல்ட் அதே சஞ்சிகையில் அதே ஆண்டில் விடையிறுத்தார். புதிய அச்சுக்கலையின் சகிப்பின்மையும், ஒழுங்கை இராணுவ முறையிற் சுமத்த விழையும் அதன் போக்கும், ஹிட்லரின் ஆட்சிக்கு வழிவகுத்த மனப்பாங்குடன் உறவுடையன என்பது அவர் வாதம். இஃது மிகைக்கூற்று என்றே நாம் கருதுகின்றோம். நாற்சிகள் ஒடுக்கியது அப்புதிய அச்சுக்கலையையே அன்றோ? ஆயினும், அவர்களது சிறையை அனுபவித்தவர் தம் இளமைக் கொள்கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் என்பதை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

நடைமுறையில் வெற்றி பில்லின் பக்கமே சார்ந்தது. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் ஒரே செய்தியை அருகருகே அச்சிட வேண்டிய நாட்டில், கட்ட அமைப்பு வெறும் அழகியற் கொள்கையன்று, அன்றாடத் தேவையுமாகும். யோசெப் முல்லர்-புரொக்மன் இசை நிகழ்ச்சிகளுக்கு வரைந்த சுவரொட்டிகள் அம்முறையின் ஆற்றலைப் புலப்படுத்தின. 1957இல் மக்ஸ் மீடிங்கர் வரைந்த எழுத்துரு 1960இல் ‘ஹெல்வெற்றிக்கா’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1958 முதல் 1965 வரை மும்மொழிகளில் வெளிவந்த ‘நொயே கிறாபிக்’ சஞ்சிகை இப்பாணியைப் பிறநாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. போருக்குப் பின் பெருகிய பன்னாட்டு நிறுவனங்கள், எந்நாட்டிலும் ஒரே முகத்துடன் தோன்ற விரும்பியமையால் அதனை உவந்தேற்றன.

சிஹோல்ட் 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் பென்குயின் பதிப்பகத்திற் பணியாற்றி, மலிவுப்பதிப்புக்களைச் சமச்சீர் முறையிலே திருத்தியமைத்தார். அச்சுக்கோப்போருக்காக அங்கு அவர் வகுத்த விதிகள், சொல்லிடைவெளி முதல் நிறுத்தற்குறி வரை எதனையும் அவர்களது விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை. கண்டிப்பைப் பொறுத்தவரை, அவை 1928ஆம் ஆண்டு நூலுக்குச் சற்றும் குறைந்தனவல்ல.