விஸ்டா ஸ்டிக்கர்

2006-ல் அமெரிக்காவில் விற்ற பல எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் 'விஸ்டா கேப்பபிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடுத்து வரும் விண்டோஸ் விஸ்டா இதில் ஓடும் என்று அர்த்தம்.

2007 ஜனவரி 30-ல் விஸ்டா கடைக்கு வந்தது. அதன் அழகே 'ஏரோ' என்ற கண்ணாடி ஜன்னல்கள்தான். அதற்கு டைரக்ட்எக்ஸ் 9 கிராபிக்ஸ் சிப்பும் புதுவகை டிரைவரும் வேண்டும். இன்டெல் 915 சிப்செட்டுக்கு அந்த டிரைவர் வரவே இல்லை. அந்த மெஷின்களில் ஏரோ இல்லாத விஸ்டாதான் ஓடியது.

வாங்கியவர்கள் சியாட்டில் கோர்ட்டுக்குப் போனார்கள். இன்டெலுக்காகத் தகுதியைக் குறைத்தோம் என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே எழுதிய மின்னஞ்சல் அங்கே வெளியானது. இருந்தும் 2009-ல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

நான் படித்த பிரெஞ்சிலும் 'கபாப்ல்' என்றால் திறனுள்ளது என்றுதான் பொருள். எவ்வளவு திறன் என்பதை அந்தச் சொல் சொல்லாது. காசு கொடுப்பவர்தான் கேட்க வேண்டும்.