2க்கு மேலே இரட்டை மேற்கோள்

யப்பானில் விற்கிற சின்னக் கீபோர்ட் ஒன்றை வாங்கி அதில் ஆங்கிலம் ரைப் பண்ணுகிற ஒருவருக்கு முதல் பத்து நிமிடம் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. க்யூ, டபிள்யூ, ஈ எல்லாம் வழக்கமான இடத்தில்தான் கிடக்கும். பிறகு 'டோன்ட்', 'இட்ஸ்' என்று ஏதாவது எழுத வேண்டி வரும். வலது சின்னி விரல் பழக்கத்தில் ஒற்றை மேற்கோளைத் தேடிப் போகும், திரையில் விழுவது முக்காற்புள்ளி. மேற்கோள் எங்கே என்று பார்த்தால் ஷிப்டை அமத்திக்கொண்டு 7ஐத் தட்ட வேண்டும். இரட்டை மேற்கோள் 2க்கு மேலே. @ குறி பீ எழுத்துக்குப் பக்கத்தில், ஷிப்டே தேவையில்லை. 0க்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறுமை.

இதைப் பார்க்கிற கனபேர் கேட்பது ஒரே கேள்விதான்: யப்பான்காரர் ஏன் எல்லாத்தையும் மாத்தி வைச்சிருக்கினம்? உண்மை என்னவென்றால் அவர்கள் மாத்தவில்லை. மாத்தினது அமெரிக்கா.

1963இல் அமெரிக்காவில் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டின் முதல் பதிப்பு. மற்றது டெலிடைப் கம்பனியின் மொடல் 33 என்ற தொலைத்தட்டச்சு இயந்திரம். ஆஸ்கியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் உண்டு. 1இன் எண் 49, ஆச்சரியக்குறியின் எண் 33. 2க்கு 50, இரட்டை மேற்கோளுக்கு 34. 7க்கு 55, ஒற்றை மேற்கோளுக்கு 39. கழித்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் 16தான் வித்தியாசம். இரும எண்ணில் எழுதினால் ஒரே ஒரு பிட் மட்டும் மாறும்.

மொடல் 33இன் கீபோர்டுக்குள் சிப் கிப் ஒன்றும் கிடையாது. கம்பிகளும் நெம்புகோல்களும் சேர்ந்துதான் அந்த எண்களை உண்டாக்கின. ஷிப்டை அமத்தினால் ஒரு பிட்டை மட்டும் புரட்டினால் போதும் என்று வைத்தால் இயந்திரம் எளிமையாகும், மலிவாகும். அதனால்தான் 2க்கு மேலே இரட்டை மேற்கோளும் 8, 9க்கு மேலே அடைப்புக்குறிகளும் போய் இருந்தன. 0இன் எண் 48. அதில் 16ஐக் கழித்தால் 32, அது இடைவெளியின் எண். இடைவெளியை எப்படி விசையில் அச்சடிப்பது? இன்றைக்கும் யப்பானியக் கீபோர்டில் 0க்கு மேலே வெறுமையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குத்தான். எனக்கு இது ஒரு புதைபொருள் மாதிரித் தெரிகிறது. அறுபது வருடப் பழைய இயந்திரம் ஒன்றின் எலும்பு, புதுக் கீபோர்ட் ஒன்றில் அப்படியே கிடக்கிறது.

இதற்குள் இன்னொரு பக்கத்தால் ஐ.பி.எம். வந்தது. 1961இல் அது வெளியிட்ட செலக்ட்ரிக் என்ற மின் தட்டச்சுப்பொறியில் @ குறி 2க்கு மேலே இருந்தது, மேற்கோள்கள் அரைப்புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தன. அமெரிக்க அலுவலகங்களில் வேலை செய்த ரைப்பிஸ்ட்மாரின் விரல்கள் அதற்குத்தான் பழகின. கொஞ்சக் காலம் இரண்டு முறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில்கூட 2க்கு மேலே இரட்டை மேற்கோள்தான். ஆனால் 1981இல் ஐ.பி.எம். பீசி வந்தபோது அது தட்டச்சுப்பொறியின் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அந்தப் பீசியைப் பார்த்து மற்றக் கம்பனிகளும் செய்யச் செய்ய, நாங்கள் இண்டைக்குப் பாவிக்கிற ஒழுங்கு வந்து சேர்ந்தது.

யப்பான் தன் தரத்தை அதற்கு ஒரு வருடம் முந்தி, 1980இல் எழுதி முடித்துவிட்டது. அதில் பழைய பிட் கணக்கு அப்படியே இருந்தது. பிறகு அதை மாற்றவில்லை.

சரி, மேலதிக விசைகள் எங்கே இருந்து வந்தன? அதுக்கு யப்பானிய எழுத்துக்குள்ளே போக வேண்டும். சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1915இல் சுகிமோதோ கியோதா கண்டுபிடித்த யப்பானியத் தட்டச்சுப்பொறியில் ஏறத்தாழ 2400 எழுத்துகள் ஒரு தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் அடிக்க வேண்டும். இதைப் பார்த்து அலுத்துப்போய், கஞ்சியையே விட்டுவிட்டு ஒலியெழுத்தான கனாவில் மட்டும் எழுதுவோம் என்று ஒரு இயக்கமே கிளம்பியது. அவர்களுக்காக 1923இல் அண்டர்வுட் கம்பனியைச் சேர்ந்த பர்ன்ஹாம் ஸ்டிக்னி என்ற அமெரிக்கர் கனா எழுத்துகளை ஆங்கிலத் தட்டச்சுப்பொறியின் விசைகளில் அடுக்கிக் கொடுத்தார். இன்றைய யப்பானிய விசைகளில் மூலையில் சின்னதாக அச்சடித்திருக்கிற கனா ஒழுங்கு அதன் வழிவந்ததுதான். கனா எழுத்துகள் நாற்பத்தைந்துக்கு மேலே. எண் வரிசையையும் சேர்த்துப் பிடித்தும் இடம் போதவில்லை. அதனால்தான் பாக்ஸ்பேசுக்குப் பக்கத்தில் ஒன்றும் வலது ஷிப்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமாக விசைகள் கூடின.

இடைவெளிக் கட்டை குட்டையானது வேறு கதை. தோஷிபா 1978இல் அறிவித்த ஜே.டபிள்யூ.-10 என்ற சொற்செயலி, கனாவில் ரைப் பண்ணினால் அதைக் கஞ்சியாக மாற்றிக் கொடுத்தது. மேசையளவு இயந்திரம், விலை 63 இலட்சம் யென். மாற்று, மாற்றாதே என்று கணினிக்குச் சொல்ல விசைகள் வேண்டும். பெருவிரல்தான் சும்மா இருக்கிற விரல், அதனால் காலப்போக்கில் அந்த விசைகள் இடைவெளிக் கட்டையின் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. இதில் வேடிக்கை, இண்டைக்குப் பெரும்பாலான யப்பானியர் கனா விசைகளைப் பாவிப்பதே இல்லை. ரோமன் எழுத்தில் அடித்து மாற்றுகிறார்கள், நாங்கள் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழில் எடுப்பதுபோல.

யென் குறியின் கதையும் எங்களுக்குப் புதிதில்லை. 1969இல் யப்பான் தன் குறியீட்டுத் தரத்தை எழுதியபோது, ஆஸ்கியில் பின்சாய்கோடு இருந்த இடத்தில் ¥ குறியை வைத்தது. எண் ஒன்றுதான், உருவம் வேறு. அதனால் யப்பானிய விண்டோஸில் கோப்புகளின் முகவரிகளுக்கு நடுவில் யென் குறி வரும், காசுக் கணக்குப்போல. பாமினி எழுத்துரு செய்ததும் இதே வேலைதானே? ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தவர்களுக்குத் தெரியும், வந்து விழுவது வெறும் ஆங்கிலக் குப்பை. யப்பான் ஒரு சில குறிகளுக்குச் செய்ததை நாங்கள் முழு மொழிக்கும் செய்தோம்.

இனி சின்னக் கீபோர்ட். தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாதா எய்இதிக்கு ஒரு எரிச்சல் இருந்தது: கணினிக்குக் கணினி கீபோர்ட் மாறுகிறது, விசைகள் கூடிக்கொண்டே போகின்றன. பாலைவனத்தில் குதிரை செத்தால் கௌபாய் குதிரையை விட்டுவிட்டுச் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான், கணினி குதிரை, கீபோர்ட் சேணம் என்பது அவர் சொன்ன உவமை. அவர் யோசனையை வைத்து பீ.எஃப்.யூ. நிறுவனம் 1996 டிசம்பரில் ஹாப்பி ஹாக்கிங் கீபோர்டை வெளியிட்டது. அறுபதே விசைகள், சன் கணினிகளின் பழைய ஒழுங்கைத் தழுவியது. கவனியுங்கள், யப்பானியர் ஒருவர் தனக்காக வடிவமைத்தபோது எடுத்தது யப்பானிய ஒழுங்கை இல்லை, ஆங்கில ஒழுங்கை! யப்பானிய ஒழுங்கில் 69 விசைகளோடு தொழில்முறைப் பதிப்பு பிறகுதான் வந்தது. அம்பு விசைகள் அதில் உண்டு.

மெக்கானிக்கல் கீபோர்ட் வெறியர்கள் இதை மெக்கானிக்கல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளே ரப்பர் குமிழி இருக்கிறது. அவர்களுக்கு ஃபில்கோ மினிலா இருக்கிறது, ஜெர்மனியின் செர்ரி சுவிட்சுகள் போட்டது. அதை விற்ற தியாடெக் நிறுவனம் 2024 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது.

ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இது சரிவருமா? கட்டுரை எழுதுகிறவருக்கு என் பதில், அப்படியே பாவித்தால் சரிவராது. ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் வரிக்கு வரி வரும், ஒவ்வொரு தடவையும் ஷிப்டும் 7ம் என்றால் கை அலுக்கும். என்டர் ஒரு விசை தள்ளிப் போயிருக்கும், பாக்ஸ்பேசும் அப்படியே. புரோகிராம் எழுதுகிறவருக்கு முக்காற்புள்ளி ஷிப்ட் இல்லாமல் கிடைப்பது நல்லது, ஆனால் சமன்குறிக்கு ஷிப்ட் வேண்டும்.

இதுக்கு ஒரு வழி உண்டு. கணினியில் அமெரிக்க ஒழுங்கையே வைத்துவிட்டு, விசையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் அடிப்பது. மேற்கோள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். பார்க்காமல் ரைப் பண்ணப் பழகினவர்களுக்கு மட்டும்தான் இது.

ஆனால் என்னை அந்தக் கீபோர்டில் பிடித்து வைப்பது பெருவிரல் விசைகள். ஆப்பிளின் யப்பானியக் கீபோர்டுகளில் இடைவெளிக் கட்டைக்கு இடப்பக்கம் அமத்தினால் ஆங்கிலம், வலப்பக்கம் அமத்தினால் கனா. இப்ப எந்த மொழியில் நிற்கிறோம் என்று திரையைப் பார்க்கத் தேவையில்லை. மாற்று, மாற்றாதே விசைகளுக்கு ஒரு சின்ன மென்பொருளால் இடது ஆங்கிலம், வலது தமிழ் என்று கொடுத்துவிடலாம். ஒரு வசனத்துக்குள்ளே இரண்டு தரம் மொழி மாறுகிற எங்களுக்கு, ஷிப்டும் ஆல்டும் அமத்தி, எது வந்தது என்று பார்த்து, அழித்து, திரும்ப அடிக்கிற வேலை இதனால் மிச்சம்.