வாழ்த்து மடலும் மென்னிறங்களும்

நத்தாருக்கும் பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வாழ்த்து மடல் விடுக்கும் வழக்கம் கைபேசி வந்தபின் அருகிவிட்டது. எனினும், மென்னிற நீர்வர்ணத்தாற் கையால் வரையும் மடல்களை விரும்புவோர் இன்றும் உளர். இஃது ஓய்வுநேர விளையாட்டெனத் தள்ளத்தக்கதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

விற்பனைக்கென அச்சான முதல் நத்தார் மடல் 1843 இல் இலண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் வேண்ட, ஹோர்ஸ்லி என்னும் ஓவியர் அதனை வரைந்தார். கோடுகள் கல்லச்சிற் பதிந்தன. வர்ணமோ கையாலேயே தீட்டப்பட்டது. ஆகவே, அச்சு மடல் பிறந்தபொழுதே கைவினை அதற்குத் துணைநின்றது.

நீர்வர்ணமாவது, நுண்பொடியான நிறப்பொருளை வேலம்பிசினிற் குழைத்து நீரிற் கரைத்துத் தீட்டுவது. நீர் மிகுந்தோறும் நிறம் மெலியும். தாளின் வெண்மையே ஒளியாகும். நீலமும் செம்பழுப்பும் அளவறிந்து கலந்தால் இரண்டும் மிடுக்கடங்கிச் சாம்பல் நிறமாகும். ஆங்கில ஓவியர் வில்லியம் பெயின் (1760–1830) பெயரால் வழங்கும் சாம்பல் நிறமும் இத்தகைய கலவையே.

இம்முறை கண்டிச் சீமைக்குப் புதிது. கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மகாவலி வளைந்தோடும் வழியில் தெகல்தொருவைக் குகைவிகாரை உளது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்து அச்சுவரோவியங்கள் திண்ணிய நிறத்தையும் தெளிந்த கோட்டையும் நம்பியவை. அதே ஆற்றின் மேற்புறத்தே, பேராதனையில், 1821 இல் தாவரப் பூங்கா அமைந்தது. அங்கே 1823 முதல் 1861 வரை சித்திரக்காரராயிருந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் செனிவிரத்ன, இலங்கைச் செடிகொடிகளை நீர்வர்ணத்தில் நுணுக்கமாய்த் தீட்டினார். அந்நிய முறை இந்நாட்டுக் கைக்கு இசைந்தது.

எனின், கைவினைகள் நலிந்தது ஏன்? ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல் விடை கூறுகின்றது. கண்டியரசு 1815 இல் வீழ்ந்தபின் கைவினைஞர் தம்மைப் புரந்த அமைப்பையே இழந்தனர்; குறைந்தது திறமையன்று, ஆதரவே. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே குமாரசுவாமி அந்நூலை அச்சிட்டார். படிகள் 425 மட்டுமே.

அரசர் புரந்த காலம் மீளாது. இன்று கைவரை மடலொன்றை விலைகொடுத்து வாங்குபவரே சிறு புரவலர். மாணவனுக்குத் தூரிகையும் தாளும் அளித்து, அவன் வரைந்ததை உரியவருக்கு அனுப்பச் செய்யும் ஆசிரியரும் அத்தகையரே. விரும்பிப் பெறுவார் உள்ளவரை கைவினை வாழும்.