குதிரையைக் குறைத்த ஜீப்புகள்

போடிநாயக்கனூரின் பிழைப்பில் பாதி மலைக்கு மேலே இருக்கிறது. ஏலத்தோட்டங்கள் கேரளத்து இடுக்கியில். காய் எடுக்கப் போகும் பெண்கள் கீழே, தேனி மாவட்டத்துக் கிராமங்களில். நடுவே போடிமெட்டுச் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆளையும் மூட்டையையும் அந்த ஏற்றத்தில் சுமந்தவை ஜீப்புகள்தான். ஆனால் அன்று பானெட்டைத் திறந்து பார்த்தால், கம்பெனி வைத்து அனுப்பிய எஞ்சின் உள்ளே இருந்த ஜீப்பு எங்கள் பக்கத்தில் அபூர்வம். என் அப்பா அந்த எஞ்சின்களை இறக்கி வேறு எஞ்சின் ஏற்றியவர். பட்டறை என்று போர்டு மாட்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், செயின் புல்லி, நாலு தகரம். அவ்வளவுதான்.

எஞ்சின் மாற்றுகிறவன் என்றால் வேகப் பைத்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அது ஓரளவு உண்மை. அங்கே ஜீப்பின் நாலு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஷெவர்லே வி-8, பியூக் வி-6 என்று பெரிய எஞ்சின்களை வீட்டு ஷெட்டிலேயே ஏற்றினார்கள். ஜீப் கம்பெனியே 1965-இல் பியூக்கின் வி-6 எஞ்சினை சி.ஜே.-5 வண்டிக்கு வைத்து விற்றது. 1967-இல் அந்த எஞ்சினைச் செய்யும் எந்திரங்களையே விலைக்கு வாங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கதை நேர் எதிர். 72 குதிரைச் சக்தி பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு 62 குதிரை டீசலை ஏற்றிக்கொண்டவர்கள் நாங்கள். காரணம் பெட்ரோல் விலை.

எரிபொருளுக்கு ஏற்ப வண்டியைத் திருத்திக்கொள்வது மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்குப் போனபோது டி.வி.எஸ். நிறுவனம் கரி காஸ் பிளான்ட் செய்து கொடுத்தது. பஸ்ஸில் ஒரு கொதிகலத்தை மாட்டி, அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவில் ஓட்டினார்கள். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளியதைத் தாத்தா சொல்லிச் சிரிப்பார். போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட வில்லிஸ் ஜீப்புகள் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. எஸ்டேட்காரர்கள் எடுத்தார்கள். பிறகு மஹிந்திரா, வில்லிஸின் உரிமம் பெற்று பம்பாயில் ஜீப்பு கட்டத் தொடங்கியது.

அப்பா அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "மொதல்ல எஞ்சின மாத்துனவன் கம்பெனிக்காரன்தாண்டா." அது சரிதான். பட்டாளத்து ஜீப்பின் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. 1950-களில் வந்த ஹரிகேன் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வை மட்டும் சிலிண்டர் தலைக்கு ஏற்றினார்கள். அளவு அதே 2.2 லிட்டர், சக்தி 60-இலிருந்து 72 குதிரைக்கு ஏறியது. உயரமும் ஏறியதால் பழைய பானெட் மூடவில்லை. வண்டியைப் புதிதாக வரையாமல் பானெட்டையும் முன் கிரில்லையும் மட்டும் உயர்த்தி, 1953-இல் சி.ஜே.-3பி என்று இறக்கினார்கள். அமெரிக்காவில் அது 1968-இல் நின்றுவிட்டது. மஹிந்திரா அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டே இருந்தது. நம் மலைகளில் ஏறிய அந்த உயரமான நெற்றி ஜீப்பின் முகமே ஒரு எஞ்சின் மாற்றத்தின் தழும்பு. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் உயரமான டீசல் எஞ்சின்களை உள்ளே வைக்க வந்தவர்களுக்கு அந்த நெற்றிதான் இடம் கொடுத்தது.

1973 அக்டோபரில் மேற்காசியப் போர். அதைத் தொடர்ந்து, மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், அடுத்த ஜனவரிக்குள் பதினோரு டாலரைத் தாண்டியது. இங்கே டீசலுக்கு விவசாயம், லாரி, பஸ் என்று காரணம் சொல்லி விலையைத் தாங்கிப் பிடித்தார்கள். பெட்ரோல் பணக்காரனின் எரிபொருளாகக் கணக்கில் வைக்கப்பட்டது. ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவன் பணக்காரன் இல்லையே! ஹரிகேன் எஞ்சின் முதல் கியரில் மெட்டு ஏறும்போது பெட்ரோல் குடிப்பதைப் பார்த்த வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக அப்பாவிடம் வந்தார்கள்.

எந்த டீசல் எஞ்சின் என்பதை யாரும் புத்தகம் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ உடைத்த வண்டியில் எது கிடைத்ததோ அதுதான். மஹிந்திராவின் டி.ஐ. எஞ்சின் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்தது. அடித்தாலும் சாகாது, ஆனால் வண்டியில் உட்கார்ந்தவனின் பல் ஆடும். பிரெஞ்சுக்காரர்களின் பீஜோ எஞ்சின் மஹிந்திரா மூலமாகவே வந்தது. 2,112 சி.சி., மேலே சொன்ன 62 குதிரை அதுதான். சத்தம் குறைவு, சிக்கனம், அப்பாவின் செல்லப்பிள்ளை. அடுத்து மெட்டடோர் வேனின் எஞ்சின். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பட்டறைகளில், இசுசு, டொயோட்டா என்று ஜப்பான் எஞ்சின்களும் பின்னாளில் ஏறின.

எஞ்சினை இறக்குவது அரை நாள் வேலை. மீதியெல்லாம் பொருத்தம் பார்ப்பதுதான். கியர்பாக்ஸ் வில்லிஸ் காலத்து மூன்று கியர்ப் பெட்டி. அதன் போல்ட் துளைகள் ஒரு வட்டம். டீசல் எஞ்சினின் முதுகில் இருப்பவை வேறு வட்டம். நடுவே கனமான இரும்புத் தகடு ஒன்று வேண்டும். அப்பா எஞ்சின் முதுகில் கிரீஸ் தடவி அட்டையை அமுக்கித் துளைகளை ஒற்றி எடுப்பார். அட்டையை சைக்கிளில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது என் வேலை. தகட்டைக் கடைந்து துளையிடுவதைவிட மையம் பிடிப்பதுதான் கடினம். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜை கிராங்கில் கட்டி, கையால் சுற்றி, முள் எங்கே விலகுகிறது என்று பார்த்து, தகட்டைத் தட்டித் தட்டி நகர்த்துவார். முடி கனம் விலகினாலும் அன்றைக்குத் தெரியாது. சில மாதம் கழித்து கிளட்ச் உதறும், கன்மெட்டல் புஷ் தேயும், ஏற்றத்தின் நடுவில் கியர் தானாக விழும். பெண்கள் நிறைந்த ஜீப்பில் வளைவில் கியர் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் மையம் பிடிக்கும்போது வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

அடுத்து எண்ணெய்ச் சட்டி. முன் சக்கரங்களுக்கும் சக்தி போகிற வண்டி என்பதால் எஞ்சினுக்குக் கீழேயே முன் ஆக்சிலும் அதற்குப் போகும் ஷாஃப்டும் இருக்கின்றன. வேனுக்குச் செய்த சட்டி அங்கே இடிக்கும். வெட்டி, வேறு வடிவில் வெல்டு வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடும். ரேடியேட்டரும் பெரிதாகும்.

யாரும் எதிர்பார்க்காதது வைப்பர். அந்தக் கால ஜீப்பில் வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது குழாயில் உண்டாகும் வெற்றிடம்தான் அதை ஆட்டும். டீசலில் காற்றை மறிக்கும் தட்டு பெரும்பாலும் இல்லை, வெற்றிடமும் இல்லை. முதல் மழையில் கண்ணாடி அப்படியே வெள்ளையாக நிற்கும். அதற்கு மின் மோட்டார் ஒன்று தேட வேண்டும். சாவியைத் திருப்பினாலும் வண்டி நிற்காது. டீசல் பம்பை அடைக்க ஒரு ஸ்டாப் கேபிள் இழுக்க வேண்டும். புது டிரைவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடும் எஞ்சினைப் பார்த்து நிற்பது எங்களுக்கு வேடிக்கை.

பத்துக் குதிரை குறைந்ததைப் பற்றி யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. அதாவது ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. அந்த வண்டிக்கு வேகம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மெட்டில் ஏறினால் போதும்.

சட்டம் இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, ஆர்.சி. புத்தகத்தின் விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருந்தது. சிலர் வாங்கி, டீசல் என்று எழுதிக்கொண்டார்கள். பலர் வாங்கவில்லை. 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவை 2000-இல் திருத்தியபோது கதவு ஏறக்குறைய மூடியது: தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்ற அனுமதிக்கப்பட்ட கிட் பொருத்துவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழி விட்டார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. நியாயம்தான் என்று நினைக்கிறேன். என் அப்பாவைப் போல டயல் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கண்ணளவில் தகட்டை வெல்டு அடித்து மலைக்கு அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும்.

சட்டம் இறுகுவதற்குள்ளாகவே தொழில் தேய்ந்துவிட்டது. டீசல் எஞ்சினோடு கம்பெனியே வண்டி இறக்கிய பிறகு மாற்ற வேண்டிய பெட்ரோல் ஜீப்பு மிச்சமில்லை. இப்போது வருகிறவர்கள் வேறு. கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பழைய ஜீப்பு சேர்ப்பவர்கள், உயர்ந்த நெற்றிக்குள் மறுபடி ஹரிகேனை வைத்துத் தரக் கேட்கிறார்கள். அப்பா அன்று கழற்றிய பெட்ரோல் எஞ்சின்களில் சிலவற்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். ஒன்றைப் போன வருஷம் நான்தான் ஏற்றினேன். தகடு தேவைப்படவில்லை, கியர்பாக்ஸ் அதனுடையதுதானே. ஆர்.சி. புத்தகத்தில் ஆரம்பத்திலிருந்தே பெட்ரோல் என்றுதான் இருந்தது. வண்டிக்காரர் வெற்றிட வைப்பரும் வேண்டும் என்று நிற்கிறார். அதற்குத்தான் உக்கடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.