கத்தரிக்கோலுக்குப் பணியாத குரல்

மன்னர் முடிசூடிய நாளையும் மாண்ட நாளையும் மனப்பாடம் செய்விப்பதே வரலாற்றுப் பாடம் என்றாகிவிட்டது. ஆசிரியத் தொழில் புரியும் நாமும் அதற்கு விலக்கல்ல. ஆனால், ஆடரங்கின் மேடையில் யார் நின்றார், எதிரே அமரும் உரிமை யாருக்கு இருந்தது என்பதும் வரலாறுதான். அந்த வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டுவோம், தோழர்களே! அமெரிக்கப் பாடகி லீனா ஹார்னின் வாழ்வே அந்த ஏடு.

1917-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். 2 வயதிலேயே, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. என்னும் சங்கத்தில் பாட்டியார் அவரை உறுப்பினராக்கினார். 16-ஆம் வயதில், 1933-ல், ஹார்லெமிலிருந்த காட்டன் கிளப் என்னும் இரவு விடுதியில் ஆடல் மகளிருள் ஒருவரானார்.

அந்த விடுதியின் விந்தையைக் கேளுங்கள்! ஹார்லெமோ கறுப்பின மக்கள் வாழும் பகுதி. மேடையில் ஆடுவோர் கறுப்பினத்தவர், பாடுவோர் கறுப்பினத்தவர், அமர்ந்து பார்ப்போரோ வெள்ளையர்! பாடுபவரின் குரல் வேண்டும். அவர் இனத்தார் பக்கத்து நாற்காலியில் அமர்தல் ஆகாது. கலைக்குக் கைதட்டல், கலைஞரின் இனத்துக்குக் கதவடைப்பு! என்னே நாகரிகம்!

இரவு விடுதிகளில் பெற்ற புகழ் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துச் சென்றது. 1942-ல் எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, பணிப்பெண் வேடம் பூணமாட்டேன் என உறுதியாக நின்றார். கறுப்பினப் பெண் என்றாலே சமையற்கட்டு வேடந்தான் என்றிருந்த காலம் அது! நிறுவனம் இணங்கியது. ஆனால், வேறொரு வழி கண்டது. பல படங்களில் அவர் எழிலுடை அணிந்து வருவார், பாடுவார், மறைவார். கதையோடு ஒட்டுறவு இராது. ஏன்? தென் மாநிலங்களில் படம் ஓடும்போது அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெறிய வசதியாக! வெறுப்பு வெள்ளைத் திரையரங்குகளில் இருந்தது. அதற்கேற்ற கணக்கு வணிகரின் ஏட்டில் இருந்தது. வெறியும் இலாபமும் கைகோத்தால் கத்தரிக்கோலுக்கு ஓய்வேது?

1943-ல் கறுப்பினக் கலைஞர்களே நடித்த ‘ஸ்டார்மி வெதர்’ படத்தில் புகழின் உச்சி ஏறினார். எனினும், 1951-ல் வெளிவந்த ‘ஷோ போட்’ படத்தில், கலப்பினப் பெண்ணான ஜூலியின் வேடம் அவருக்குக் கிட்டவில்லை; வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, அர்க்கன்சாஸ் மாநிலத்துப் படைமுகாம் ஒன்றில் பாடச் சென்றார். முன்வரிசையில் ஜெர்மானியப் போர்க்கைதிகள்! பின்வரிசையில், அமெரிக்காவுக்காக உயிர்கொடுக்க வந்த கறுப்பினப் படைவீரர்கள்! பகைவனைவிடச் சொந்த நாட்டான் தாழ்ந்தவனா? லீனா மேடையைவிட்டு இறங்கினார். கைதிகளைக் கடந்து நடந்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தம் வீரர்களுக்காகப் பாடினார்.

துணிவுக்குத் தண்டனையும் வந்தது. பால் ரோப்சனின் நட்பு முதலியவற்றைக் காரணமாக்கி, 1950-களின் தொடக்கத்தில் திரையும் தொலைக்காட்சியும் அவரை ஒதுக்கின. விடுதி மேடைகளே வாழ்வளித்தன. அவர் ஒடுங்கிவிடவில்லை. 1963 ஜூனில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், மெட்கர் எவர்சுடன் உரிமைக் கூட்டத்தில் தோன்றினார். சில நாள்களில் எவர்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பின்னும் அஞ்சாமல், ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டார்.

1981-ல், 60 வயதைக் கடந்தபின், பிராட்வே அரங்கில் தம் வாழ்வையே பாட்டாக்கி 333 முறை நிகழ்த்தினார். 2010-ல் மறைந்தார். 2022-ல் பிராட்வேயின் அரங்கொன்று அவர் பெயர் பூண்டது. கறுப்பினப் பெண்மணி ஒருவரின் பெயர் தாங்கிய முதல் பிராட்வே அரங்கு அதுவே!

வெட்டப்பட்ட காட்சிக்குரியவரின் பெயர் இன்று வாயிலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மகிழ்கிறோம், ஆனால் மயங்கமாட்டோம். காட்டன் கிளப்பிலும் கைதட்டல் குறைவின்றி ஒலித்ததே! எனவே, கைதட்டலைக் கேட்டு நீதி பிறந்துவிட்டது என்று நம்பிவிடாதீர். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார், வாயிலில் தடுக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். பாராட்டு எளிது; பக்கத்தில் இடம் தருவதே பண்பாடு!