இரவல் காணியும் சொந்த விலாசமும்

ஒரு பத்திரிகை நின்றுபோனாலும் அதன் பழைய இதழ்கள் எங்கேனும் மிஞ்சியிருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற்குச் சென்றால், எப்போதோ மூடப்பட்ட பத்திரிகைகளையும் புரட்டிப் பார்க்கலாம். இணையத்தில் எழுதப்பட்டவற்றுக்கு அத்தகைய உத்தரவாதம் இல்லை. இதனை விளக்க ஜியோசிற்றீஸ் என்ற இலவசத் தளத்தின் கதையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

1994 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் டேவிட் பொஹ்னெற், ஜோன் றெஸ்னர் ஆகிய இருவர் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் அதன் பெயர் பெவர்லி ஹில்ஸ் இன்ரநெற். கேட்டவர்க்கெல்லாம் இணையப் பக்கம் அமைக்க இலவசமாக இடம் கொடுத்தார்கள். ஒரு நகரத்தைப் போல அதனைக் குறிச்சிகளாகப் பிரித்திருந்தார்கள். திரைப்பட ஆர்வலருக்கு ஹொலிவூட், வர்த்தகருக்கு வோல் ஸ்ரீற் என்றவாறு. குறிச்சியின் பெயரும் வீட்டு இலக்கமும் சேர்ந்ததே ஒருவரது இணைய முகவரி.

அப்பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை நிலையான பக்கங்கள். அதாவது, எழுதியவர் ஆக்கிய கோப்பு எப்படியோ அப்படியே வாசகரைச் சென்றடையும். 1991 இல் ரிம் பேர்னர்ஸ்-லீ உலகுக்கு அறிமுகம் செய்த முதலாவது இணையத்தளமும் இவ்வகையினதே. இதற்குத் தரவுத்தளம் வேண்டியதில்லை; கோப்பைப் பிரதி செய்து எங்கே வைத்தாலும் இயங்கும்.

1999 ஜனவரியில் ஜியோசிற்றீஸை வாங்கப்போவதாக யாகூ அறிவித்தது. விலை ஏறத்தாழ 3.6 பில்லியன் டொலர். அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே, பயனர்கள் எழுதியவற்றின் மீது நிறுவனத்திற்குப் பரந்த உரிமை தரும் நிபந்தனைகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பவே யாகூ பின்வாங்கியது. பத்து ஆண்டுகளின் பின், 2009 ஒக்ரோபர் 26 ஆம் திகதி, ஜியோசிற்றீஸ் மூடப்பட்டது.

மில்லியன் கணக்கான பக்கங்கள் மறைந்தன. ஆயினும் ஆக்கைவ் ரீம் என்ற தொண்டர் குழுவும் இன்ரநெற் ஆக்கைவ் நிறுவனமும் முன்கூட்டியே முயன்று கணிசமான பகுதியைப் பிரதி செய்து வைத்தன. அவை நிலையான கோப்புகளாக இருந்ததால்தான் அது இயன்றது. ஆனால் முகவரிகளைக் காப்பாற்ற எவராலும் இயலவில்லை. புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் அச்சான ஜியோசிற்றீஸ் முகவரிகள் அன்றோடு செத்துப்போயின. காரணம், அவற்றிலிருந்த பெயர் யாகூவின் சொத்து, எழுதியவருடையது அன்று.

இங்கேதான் பெயரின் வரலாறு முக்கியமாகிறது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உண்மையில் இருப்பது ஓர் இலக்கமே. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறை, பெயரை இலக்கத்தோடு இணைத்தும் பிரித்தும் வைக்க வழி செய்தது. கணினியை மாற்றினால், பெயர் சுட்டும் இலக்கத்தை மாற்றினால் போதும். பெயர் அப்படியே இருக்கும். ஆனால் 1995 இல் டொட் கொம் பெயருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. பொழுதுபோக்காக எழுதுவோருக்கு அது பெருந்தொகை. எனவே பெரும்பாலானோர் இரவல் காணியோடு இரவல் விலாசத்தையும் ஏற்றுக்கொண்டனர்.

இவ்விரண்டையும் பிரிக்கும் வசதி 2008 டிசம்பரில் கிற்ஹப் பேஜஸ் வந்தபோது பரவலாயிற்று. நிலையான கோப்புகளை இலவசமாக வைத்துக்கொண்டு, சொந்தப் பெயரை அதனுடன் இணைக்கலாம். அதே ஆண்டில் வெளியான ஜெக்கில் என்ற மென்பொருள், சாதாரண எழுத்துக் கோப்புகளிலிருந்து முழுத் தளத்தையும் ஆக்கித் தந்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் இத்தகைய சேவையைத் தொடங்கின.

2018 இல் கிற்ஹப்பை மைக்ரோசொப்ற் 7.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஜியோசிற்றீஸின் கதை மீண்டும் நடக்குமோ என்று கேட்கலாம். நடக்கலாம். ஆனால் சொந்தப் பெயர் வைத்திருப்பவர் கோப்புகளை வேறோர் இடத்திற்குக் கொண்டுசென்று, பெயரை அங்கே திருப்பிவிடலாம். பழைய தொடுப்புகள் எல்லாம் வேலை செய்யும். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது.

எம்மவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. எங்கள் பழைய தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். யுனிகோட்டில் எழுதிய கோப்புக்கு அந்தக் கதி இல்லை.

சொந்தப் பெயரும் உறுதி எழுதிய காணி அன்று. ஆண்டுக் குத்தகை போன்றது. தவணை தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே எழுதும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோப்புகளின் ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள். பெயரைத் தளம் அமைத்துத் தரும் தம்பியின் கணக்கில் பதியவிடாமல், உங்கள் கணக்கிலேயே பதியுங்கள். புதுப்பிக்கும் திகதியையும் கடவுச்சொல்லையும் வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்தி வையுங்கள். உங்களுக்குப் பின்னரும் யாரேனும் தேடி வருவார்கள்.