பாடம் கேட்டல் மரபு
பாடம் கேட்டல் மரபு: கற்ற நூலைப் புரிந்து மனத்தில் நிறுத்தப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்த முறை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவராகக் கருதப்படும் இச்சமண ஆசிரியரின் ஊர், பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு நாட்டு வழக்கு.

ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை பெரிதும் குறையும். மூன்றாம் முறையில் எடுத்துச் சொல்லும் திறம் வரும் என்கிறார். கேட்டதை நினைத்துப் பார்ப்பதும் வினவுவதும் விடை சொல்வதும் மாணவரின் கடமைகள். இவற்றினும் சுவையானது அவர் போடும் கணக்கு: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு, உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், மீதி அரை, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வரும். இது அளந்து கண்ட விகிதமன்று. ஆனால் வகுப்பறையை நன்கறிந்தவரின் மதிப்பீடு.

அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வகுத்த ஐந்து படி வாசிப்பு முறையிலும் வினவுதலும் ஒப்பித்தலும் உண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினர்; ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினர்.